குறைகள் தெரிந்தும் ஓர் அட்வென்ச்சர் பைக்கை வாங்கலாமா? முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தார்ச்சாலையிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடக்கூடிய அட்வென்ச்சர் பைக் ஒன்றின் மேல் ஆசை வைத்தவர் அதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே, அதன் குறைகள் அனைத்தும் அவர் காதுக்கு வந்துவிடுகின்றன. உயரம் அதிகம், எடை அதிகம், விண்ட்ஸ்கிரீன் காற்றைத் தடுப்பதற்குப் பதிலாக ஹெல்மெட்டின் மேல் அறைகிறது, சீட் பலகை போல இருக்கிறது, உதிரி பாகம் வர மாதக்கணக்கில் ஆகிறது என்று நீளும் அந்தப் பட்டியலைப் படித்த பிறகும் ஆசை குறையாமல் இருப்பதுதான் சிக்கலே. இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவருக்கானது. வண்டியில் குறை இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை; இருக்கிறது. அந்தக் குறை உங்கள் பயணத்தில் எத்தனை முறை குறுக்கே வரும், வந்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால்தான் முடிவுக்கு வர முடியும்.

இந்த வகை வண்டிகளில் குறை இல்லாத ஒன்றைத் தேடுவது ஏன் வீண் என்பதை அவற்றின் பிறப்பே சொல்கிறது. பிஎம்டபிள்யூ நிறுவனம் 1980இல் வெளியிட்ட ஆர்80 ஜி/எஸ் என்ற 797 சிசி வண்டியைத்தான் இன்றைய பெரிய அட்வென்ச்சர் பைக்குகளின் முன்னோடி என்று பொதுவாகச் சொல்வார்கள். அதன் பெயரிலுள்ள ‘ஜி’ கரடுமுரடான நிலத்தையும், ‘எஸ்’ தார்ச்சாலையையும் குறிக்கும் ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்கோடு போட்டிருந்தார்கள். அந்தச் சாய்கோட்டின் மேல்தான் இந்த வகை வண்டிகள் எல்லாம் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. கற்களின் மேல் ஏறி இறங்க வேண்டுமென்றால் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் நீளமாக வேலை செய்ய வேண்டும். அது நீண்டால் சீட் உயரும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ஆழமாக அமுங்கும். 21 அங்குல முன்சக்கரம் பள்ளத்தில் விழாமல் உருண்டு கடக்கும். அதே சக்கரம் தார்ச்சாலை வளைவில் சற்று மந்தமாகத் திரும்பும். பெரிய டேங்க் தொலைதூரம் கொண்டுபோகும். அது நிரம்பியிருக்கும்போது வண்டியின் எடை மேலே ஏறிக்கொள்ளும். ஆகவே, குறை என்று எழுதப்படுபவற்றில் பாதி, நீங்கள் விரும்பும் குணத்தின் மறுபக்கமே ஆகும்.

முதல் படி: கனவுப் பயணத்தை அல்ல, கடந்த ஆண்டை எழுதுங்கள்

வண்டியைப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளில் கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் உண்மையில் ஓட்டிய ஓட்டங்களை எழுத வேண்டும். ஒரே நாளில் அதிகபட்சமாக எவ்வளவு தூரம் போனீர்கள், அதில் தார் எவ்வளவு, சரளையும் மண்ணும் எவ்வளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தது எத்தனை முறை, வழக்கமாக எந்த வேகத்தில் போகிறீர்கள், இரவில் வண்டியை நிறுத்தும் இடம் சமதளமா சரிவா, குறுகலான வாசலில் தள்ளித் திருப்ப வேண்டுமா என்பன எல்லாம் அதில் வர வேண்டும். அடுத்த ஆண்டு பாலைவனத்தைக் கடக்கப்போகும் திட்டத்தை அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரே குறை இருவருக்கு எப்படி இரு வேறு பொருள் தரும் என்பதற்கு ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016இல் கொண்டுவந்த முதல் ஹிமாலயன் நல்ல எடுத்துக்காட்டு. அதன் 411 சிசி எஞ்சின் தந்த சக்தி 24.5 குதிரைத்திறன் மட்டுமே என்பது அப்போது பலரும் சொன்ன குறை. அகன்ற நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் வேகமாகப் போகிறவருக்கு அது ஒவ்வொரு முறை லாரியை முந்தும்போதும் உறுத்தும் குறைதான். மலைப்பாதையில் இரண்டாம், மூன்றாம் கியரைத் தாண்டாமல் ஏறிக்கொண்டிருப்பவருக்கோ, தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்த 32 நியூட்டன் மீட்டர் இழுவை போதுமானதாக இருந்தது. குதிரைத்திறன் எண் அவர் நினைவுக்கே வரவில்லை. உங்கள் தாளில் எந்தச் சாலை அதிகமாக இருக்கிறதோ, அதைப் பொறுத்தே ஒரு குறையின் எடை கூடும், குறையும்.

இரண்டாம் படி: குறைகளை நான்காகப் பிரியுங்கள்

புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். கேள்விப்பட்ட குறைகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை அதிகமாக இருக்கிறதே என்று பயப்படுகிறார்கள், அல்லது எல்லாமே சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சீட் வலிப்பதும் பிரேக் பிடிக்காமல் போவதும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் அவை ஒரே இனம் ஆகிவிடாது.

மாற்றவே முடியாத குறைகள் முதல் வகை. எடை, எஞ்சினின் இயல்பு, அடிப்படை உயரம், டேங்கின் கொள்ளளவு ஆகியவை வண்டியோடு பிறந்தவை. சீட்டைச் சற்று இறக்கலாம். எடை குறைந்த சைலன்சர் மாட்டலாம். ஆனால் 250 கிலோ வண்டி 190 கிலோ ஆகப்போவதில்லை. இந்த வகைக் குறை ஒன்று உங்கள் அன்றாட ஓட்டத்தோடு மோதினால், மேலே படிக்கத் தேவையில்லை, வேறு வண்டியைப் பாருங்கள்.

பணம் கொடுத்துத் திருத்தக்கூடியவை இரண்டாம் வகை. சீட், விண்ட்ஸ்கிரீன், டயர், ஹேண்டில்பாரின் உயரம், பின்பக்க ஸ்பிரிங், முகப்பு விளக்கு போன்றவை இதில் அடங்கும். புகார்களில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும் என்பது என் அனுபவம். இவற்றுக்குத் தேவை ஒரு கணக்கு மட்டுமே: திருத்துவதற்கு ஆகும் மொத்தச் செலவை வண்டியின் விலையோடு கூட்டி, அந்தத் தொகைக்கு இதைவிடப் பொருத்தமான வேறு வண்டி கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பராமரிப்புப் பழக்கத்தால் சமாளிக்கக்கூடியவை மூன்றாம் வகை. செயினைச் சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் விட வேண்டும். ஸ்போக்குகள் தளர்கின்றனவா என்று தட்டிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட போல்ட்டுகள் அதிர்வில் தளரும் என்று பெயர் எடுத்த வண்டியில் அவற்றை அவ்வப்போது இறுக்க வேண்டும். இங்கே நீங்கள் எடைபோட வேண்டியது வண்டியை அல்ல, உங்களை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஸ்பேனரோடு உட்காருவது உங்களுக்கு இன்பமா, தண்டனையா?

நடுவழியில் நிறுத்திவிடக்கூடியவையும் உடலுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவையும் நான்காம் வகை. பிரேக், பெட்ரோல் பம்ப், ஃபிரேமின் வெல்டிங், ஓடும்போது திடீரென்று அணையும் எஞ்சின் ஆகியவற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் புகார் ஒன்று இருந்தாலும், அதற்கு நிறுவனம் தந்த தீர்வு என்ன என்பதும், நீங்கள் வாங்கப்போகும் குறிப்பிட்ட வண்டியில் அது செய்யப்பட்டிருக்கிறதா என்பதும் தெரியும் வரை கையெழுத்துப் போடக் கூடாது.

ஒரு குறை ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு நகரவும் செய்யும். கவாஸாகி கேஎல்ஆர்650 இதற்குப் பெயர்பெற்றது. 1987இல் வந்த அந்த ஒற்றை சிலிண்டர் வண்டியில், எஞ்சினின் அதிர்வைச் சமன்செய்யும் தண்டைச் சுழற்றும் செயினை இறுக்கமாக வைத்திருக்க ஒரு சிறு நெம்புகோல் உண்டு. ஓட்டுநர்கள் அதற்கு ‘டூஹிக்கி’ என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த நெம்புகோல் முறிந்தாலோ அதன் ஸ்பிரிங் வலுவிழந்தாலோ உள்ளே செயின் தளர்ந்துவிடும். உடைந்த துண்டு எஞ்சினுக்குள் விழுந்தால் சேதம் பெரிதாகும். படிக்கும்போது நான்காம் வகை போலத் தோன்றும். ஆனால் வெளிச்சந்தையில் உறுதியான மாற்றுப் பாகம் கிடைக்கத் தொடங்கியதும், வாங்கிய கையோடு அதை மாற்றிவிடுவது ஒரு வழக்கமாகவே ஆகி, குறை இரண்டாம் வகைக்கு இறங்கிவிட்டது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, தீர்வும் தெரிந்துவிட்ட பழைய குறை, காரணம் தெரியாத புதிய குறையைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. ஒரு மாடல் வெளிவந்த முதல் ஆண்டிலேயே வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்.

மூன்றாம் படி: உயரத்தையும் எடையையும் உடம்பால் அளந்து பாருங்கள்

சீட்டின் உயரம் என்று விவரத்தாளில் அச்சிட்டிருக்கும் எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. சீட் அகலமாக இருந்தால் கால்கள் விரிந்து தரை எட்டாமல் போகும். ஒடுக்கமாக இருந்தால் கூடுதல் உயரமும் எட்டும். நீங்கள் உட்கார்ந்தவுடன் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதும் உண்டு. யமஹா டெனெரே 700இன் சீட் 875 மில்லிமீட்டர் உயரம் என்றால் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அதன் இடுப்புப் பகுதி ஒடுங்கியிருப்பதால், ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகு சிலர் மனம் மாறுகிறார்கள். மாறாதவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறில்லை. பயணத்தில் அணியப்போகும் பூட்ஸோடு போய் உட்காருங்கள். இரண்டு பாதங்களும் முழுதாகப் பதிய வேண்டும் என்பதில்லை. இரண்டின் முன்பாதங்களாவது பதிய வேண்டும், அல்லது சற்று நகர்ந்து ஒரு பாதத்தை முழுமையாக ஊன்ற முடிய வேண்டும்.

நான் முதலில் வாங்கிய உயரமான வண்டியை ஓடும்போது ஒருமுறைகூடக் கீழே போட்டதில்லை. நின்றுகொண்டிருக்கும்போது மூன்று முறை போட்டேன். மூன்றும் ஒரே விதம்: மெதுவாகத் திரும்பும்போது முன்பிரேக்கைப் பிடித்தேன், வண்டி சரிந்த பக்கம் தரையும் சரிந்திருந்தது, கால் இரண்டு அங்குலம் காற்றில் துழாவியது. அந்த இரண்டு அங்குலத்தைக் கடையின் வழுவழுப்பான சமதளத் தரையில் யாரும் உணர முடியாது. எனவே கடையில் இவற்றைச் செய்து பாருங்கள்: சைட் ஸ்டாண்டிலிருந்து வண்டியை நிமிர்த்துங்கள்; இறங்கி நின்று ஐந்து மீட்டர் பின்னோக்கித் தள்ளுங்கள்; ஹேண்டிலை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பி வட்டமடித்துத் தள்ளுங்கள்; சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் ஏற்றி இறக்குங்கள். விற்பவர் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

கீழே விழுந்த வண்டியைத் தூக்கும் முறையையும் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியை கியரில் போட்டு, அது வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முன்கூட்டியே விரித்து வைத்து, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டிலின் கைப்பிடியையும் மறு கையால் பின்பக்க ஃபிரேமையும் பற்றி, முதுகை வளைக்காமல் கால்களின் பலத்தால் பின்னோக்கி அடியெடுத்து வைத்தால் வண்டி எழும். 200 கிலோவுக்கு அருகிலுள்ள வண்டியைப் பெரும்பாலோர் இப்படித் தனியாகவே தூக்கிவிடலாம். 250 கிலோவைத் தாண்டிய வண்டியைப் பெட்டிகளோடு சரளைச் சரிவில் தூக்குவது வேறு கதை.

எடையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் சட்டப்படியும் பொறியியல்படியும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஓர் எல்லை உண்டு. பிஎம்டபிள்யூ ஆர்1250 ஜிஎஸ்ஸை எடுத்துக்கொண்டால், பெட்ரோலோடு வண்டியின் எடை 249 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்தம் 465 கிலோ. மிச்சம் 216 கிலோ. தலைக்கு 75 கிலோ வீதம் இருவர் உட்கார்ந்தால் 150 போய்விடும். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து இருவருக்கும் 15 கிலோவுக்குக் குறையாது. மூன்று பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் கம்பிகளும் 20 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், துணிமணிக்கும் கருவிகளுக்கும் எஞ்சுவது முப்பது கிலோ அளவுதான். இவ்வளவு பெரிய வண்டிக்கே இந்த நிலை என்றால், சிறிய வண்டிகளில் இருவராகச் செல்ல நினைப்பவர்கள் காகிதமும் பேனாவும் எடுத்தே ஆக வேண்டும்.

நான்காம் படி: டெஸ்ட் ரைடில் எதைப் பார்ப்பது

பத்து நிமிட ஓட்டத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஒரு மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அந்த மாடலை வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள், அல்லது வாடகைக்கு எடுத்து ஒருநாள் ஓட்டுங்கள். சீட்டின் உண்மைக் குணம் முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் வெளிப்படும்.

காற்று ஹெல்மெட்டை உலுக்கும் தொல்லைக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில் உங்கள் வழக்கமான வேகத்தில் செல்லும்போது, தலை விண்ட்ஸ்கிரீனின் விளிம்புக்கு நன்கு மேலே வரும்படி கால் வைக்கும் ஃபுட்பெக்கின் மேல் சற்று எழுந்து பாருங்கள். இரைச்சலும் உலுக்கலும் நின்று சீரான காற்று மட்டும் வந்தால், குற்றம் விண்ட்ஸ்கிரீனிலிருந்து புரண்டு வரும் காற்றுடையது. அதன் உயரத்தையோ கோணத்தையோ மாற்றிச் சரிசெய்யலாம். சுஸுகி வி-ஸ்ட்ராம் 650 வைத்திருப்பவர்கள் நீண்ட காலமாக இந்த ஒரு விஷயத்தில் விண்ட்ஸ்கிரீனை நிமிர்த்தியும் சாய்த்தும் வெட்டியும் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். மற்றபடி அந்த எஞ்சினைப் பற்றி அவர்கள் குறை சொல்லிக் கேட்பது அரிது.

அதிர்வை ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது பார்க்காதீர்கள், நிலையான வேகத்தில் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கை மரத்துப்போகிறது என்றால், அது உங்கள் பயண வேகமா என்பதே கேள்வி. நெரிசலில் ஊர்ந்து சென்று, எஞ்சினின் சூடு எந்தக் காலில் எவ்வளவு படுகிறது என்று கவனியுங்கள். எழுந்து நின்று ஓட்டிப் பாருங்கள். ஹேண்டிலைப் பிடிக்கக் குனிய வேண்டியிருந்தால் மண்பாதையில் முதுகு கெஞ்சும், ஆனால் ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் என்ற சிறு பாகத்தாலேயே அது தீர்ந்துவிடலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை மண்பாதையில் பின்சக்கரத்துக்கு அணைக்க முடிகிறதா, எஞ்சினை அணைத்துப் போட்டால் அந்த அமைப்பு நினைவில் நிற்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: புகார்களைப் படிக்கும் விதம்

தொல்லை இல்லாமல் ஓட்டுபவர் அதைப் பற்றி எழுத உட்காருவதில்லை. ஆகவே புகார்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் ஒற்றுமையைக் கவனிக்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத பலர், ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் அளவில், ஒரே பாகம் பழுதானதாகச் சொன்னால் அது உண்மையான குறை. ஒருவர் ‘வண்டி சரியில்லை’ என்றும், இன்னொருவர் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்றும் சொல்வதிலிருந்து கோபம் தெரிகிறதே தவிர, காரணம் தெரிவதில்லை. மெக்கானிக்கிடம் பேசும்போதும், ‘இந்த வண்டி எப்படி?’ என்று கேட்டால் அபிப்பிராயம்தான் கிடைக்கும்; ‘இந்த மாடலில் எந்த வேலைக்காக அதிகம் வருகிறார்கள், உதிரி பாகம் வர எத்தனை நாள் ஆகிறது?’ என்று கேட்டால் தகவல் கிடைக்கும்.

நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதை அவமானமாகப் பார்க்க வேண்டியதில்லை. குறையை ஒப்புக்கொண்டு காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு அதுவே சான்று. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு அந்தத் திருத்தம் உரியதா, செய்து முடித்தாயிற்றா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சில சமயம் புகாரே பரிந்துரையாகவும் இருக்கும். டெனெரே 700 சந்தைக்கு வந்தபோது, மின்னணு வசதிகள் எதுவும் இல்லையே, ஏபிஎஸ்ஸைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லையே என்று சிலர் குறைபட்டார்கள். ஆளில்லாத பாதையில் பழுதாவதற்குப் பாகங்கள் குறைவு என்று அதையே காரணமாகக் காட்டி வாங்கியவர்களும் உண்டு. ஆனால் அதே வண்டியின் ஸ்போக் சக்கரங்களுக்குள் ட்யூப் இருக்கிறது. பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ட்யூபை எடுத்தாக வேண்டும். ட்யூப்லெஸ் டயரில் சாலையோரம் பத்து நிமிடத்தில் முடியும் வேலை அங்கே ஒரு மணி நேரமாகும், அதுவும் பழகியவருக்கு. வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பார்த்து, உங்களால் முடிகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு அது எந்த வகைக் குறை என்று முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டியாக இருந்தால்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் எங்காவது சிக்கி நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஸ்போக்குகளை ஸ்குரூடிரைவரால் தட்டினால் தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். எஞ்சினின் அடிப்பக்கத்தைக் காக்கும் அடித்தகட்டில் கீறல் இருப்பது இயல்பு. ஆழமான நசுங்கல் இருந்தால் அதற்குப் பின்னாலுள்ள எஞ்சின் உறையைப் பாருங்கள். பெட்டிகள் மாட்டிய பின்பக்க ஃபிரேம் வளைந்திருக்கிறதா என்று பின்னால் தள்ளி நின்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் இரண்டாம் வகைக் குறைகளைத் தன் செலவில் ஏற்கெனவே திருத்தியிருப்பார் என்பது பழைய வண்டியின் பெரிய லாபம்.

முடிவெடுக்கும் நாள்

தாளை மீண்டும் எடுங்கள். நான்காம் வகையில் தீர்வு இல்லாத குறை ஒன்று எஞ்சியிருந்தாலும் வேண்டாம். முதல் வகையில் ஒன்று இருந்து, அது வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் உங்களைத் தொல்லைப்படுத்தும் என்றாலும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் வரும் என்றால் வாங்கலாம். இரண்டாம் வகையின் மொத்தச் செலவோடு எஞ்சின் காப்புக் கம்பி, அடித்தகடு, கைக்காப்பு, பெட்டிகள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் வண்டியோடு வருவதில்லை. அந்தத் தொகை கையைக் கடித்தால், ஒரு படி சிறிய வண்டியை நேர்மையோடு பரிசீலியுங்கள். இருநூறு முதல் நானூறு சிசி வரையிலான வண்டியில் மண்பாதை பழகியவர்கள் பிற்பாடு பெரிய வண்டிக்குப் போகும்போது, எதைக் குறை என்று சொல்ல வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெளிவாக இருக்கிறது.

வாங்கிவிட்டால், முதல் மாதம் எந்தக் கூடுதல் பொருளையும் வாங்காதீர்கள். அதற்கு முன் செலவில்லாத திருத்தங்களைச் செய்து முடிக்க வேண்டும். டயர் காற்றழுத்தத்தைச் சுமைக்கேற்பச் சரிபார்த்து, கிளட்ச் பிரேக் லீவர்களை நின்றும் உட்கார்ந்தும் விரல் எட்டும் கோணத்துக்குத் திருப்பி, நீங்கள் ஏறி உட்காரும்போது பின் சஸ்பென்ஷன் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி ஸ்பிரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். 200 மில்லிமீட்டர் அமுங்கக்கூடிய சஸ்பென்ஷனுக்கு அது 60 முதல் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒருவர் அளவுகோலோடு நிற்க, இன்னொருவர் வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய வேலை இது. என் வண்டியில் சீட் வலி என்று நான் ஒரு மாதம் புலம்பியதில் பாதி இந்த அளவைச் சரிசெய்த மாலையே காணாமல் போயிற்று. மீதிப் பாதிக்குத்தான் புதிய சீட் வாங்கினேன்.